சீதபேதி நின்ற பிறகும் குழந்தையைக் கவனியுங்கள்



மழை ஆரம்பிச்சா நம்ம ஊர்ல குழந்தைகளுக்கு வயித்தாலே போறது அதிகமாகும். "சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று விட்டு விடுகிறோம். மலத்தில் இரத்தமும் சளியும் வந்தால் அது சூடு அல்ல, சீதபேதி.

ஷிகெல்லா கிருமியில் ஒரு வகையும், ஈ.கோலை கிருமியில் சில வகைகளும் நச்சை வெளியிடும். அந்த நச்சு இரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் செயலிழக்கும். இதற்கு ஹீமோலிட்டிக் யுரீமிக் சின்ட்ரோம் என்று பெயர். ஷிகெல்லா சீதபேதிக்குப் பின் தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இந்நோய் வந்ததை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1978-லேயே எழுதியிருக்கிறார்கள்.

பேதி குறைந்து நாம் நிம்மதி அடையும் நேரத்தில்தான் இந்நோய் தலைகாட்டும். அபூர்வமாக வேறு கிருமியும் சேர்ந்து கொள்ளும். குடல் புண்ணாகி இருப்பதால், குடலில் உள்ள மற்ற கிருமிகள் இரத்தத்தில் இறங்கிவிடலாம். நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமியாலும், பேதியே இல்லாமல், இந்நோய் வரலாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

1. சிறுநீர் குறைவது, நின்று போவது
2. முகம், உதடு வெளுத்துப் போவது
3. முகம், கால் வீங்குவது
4. பேதி குறைந்த பிறகு மறுபடி காய்ச்சல், மூச்சிரைப்பு
5. வலிப்பு, எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம்

108-க்குப் போன் செய்யுங்கள். "முதல்ல இரத்தபேதி இருந்துச்சு, இத்தனை நேரமா ஒண்ணுக்குப் போகல" என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்வார்கள். நேரத்தோடு போனால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றலாம்.

செய்யக் கூடாதவை

மெடிக்கலில் கேட்டு பேதி நிற்கும் மாத்திரை கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக்கும் நாமாகக் கொடுக்கக் கூடாது. சில கிருமிக்கு அது அவசியம், சில கிருமிக்கு அதுவே கெடுதல் செய்யலாம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

- பேதி ஆரம்பித்ததும் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சிறுநீர் நின்றிருந்தால் எவ்வளவு தண்ணீர் கொடுப்பது என்று டாக்டரைக் கேளுங்கள்.
- மலம் கழுவிய பின்னும், சோறு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.
- நியூமோகாக்கஸ் தடுப்பூசி அரசு மையங்களில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. விட்டுப் போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

குழுவில் பேச: நம் குழுவில் 5 வயதுக்குள் எத்தனை குழந்தைகள்? எல்லோர் வீட்டிலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறதா? ராத்திரியில் அவசரம் என்றால் யார் கூட வருவது? இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.