துருவப் பனியும் மண்டூர் மழையும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மாரி பிந்தினால் "வடதுருவத்துப் பனி உருகுதாம், அதுதான்" என்கிறார்கள். மழை கூடி வட்டைக்குள் வெள்ளம் நின்றாலும் அதே காரணந்தான் சொல்லப்படுகிறது. பனி உருகுவது உண்மை. துருவத்துக் காற்றோட்டம் தொலைதூர மழையையும் தொடலாம் என்பது முக்கியமான ஆய்வுக் கேள்வி. ஆனால் எது உறுதியானது, எது இன்னும் ஆராயப்படுகிறது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே காரணத்தின் தலையில் கட்டுவதால், விதைப்புத் திகதி பார்த்து நிற்கும் விவசாயிக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அடிக்கடி காதில் விழும் கூற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வாடைக்காற்றின் குளிர் வடதுருவத்திலிருந்து நேரே வருகிறது.

உண்மை: வாடை கிளம்பும் இடம் ஆசியக் கண்டம். வடகோளத்தின் குளிர்காலத்தில் சைபீரியா, மொங்கோலியா பக்கத்து நிலம் உறைந்து, அதன்மேல் உயரமுக்கம் கட்டுகிறது. அங்கிருந்து காற்று தெற்கு நோக்கிப் பரவுகிறது. ஆனால் இமயமலையும் திபெத்திய மேட்டுநிலமும் அந்தக் கடுங்குளிரின் பெரும்பகுதியை மறித்துவிடுகின்றன. நம்மிடம் வருவது வங்காள விரிகுடாவின் சூடான நீரைக் கடந்து, ஈரத்தை அள்ளிக்கொண்ட காற்று. மார்கழியில் நாம் உணரும் குளிருக்கு முகில்மூட்டமும் மழையும் பெரிதும் காரணம்.

நம்பிக்கை 2: துருவக் கடற்பனி உருகினால் வாவி பெருகி அதன் கரையிலுள்ள மண்டூர் மூழ்கிவிடும்.

உண்மை: குருமண்வெளித் துறையில் நிற்கும் பாதையை (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையை) வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். மிதந்துகொண்டிருக்கும் பாதை தன் பாரத்துக்குரிய நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. கரையில் நிற்கும் ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் ஏறும்போதுதான் அது மேலும் தாழ்ந்து புதிதாக நீரை விலக்கும். கடற்பனி மிதக்கும் பாதை போன்றது. அது உருகினாலும் கடல்மட்டம் கிட்டத்தட்ட மாறாது. கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனிதான் கரையில் நிற்கும் பாரம். அது கடலில் இறங்கினால் மட்டம் உயரும். கடல்நீர் சூடேறி விரிவதாலும் உயரும்.

காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அரசுகளுக்கிடையிலான குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. 2006 முதல் 2018 வரையான காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்தது. மண்டூர் திடீரென மூழ்கப்போவதில்லை. ஆனால் முகத்துவாரங்கள் வழியாகக் கடலோடு இணைந்த வாவி இது. கடல் உயர உயர, உவர்நீர் உள்ளே ஏறி வாவியோர வயல்களையும் கிணறுகளையும் தொடும் ஆபத்துக் கூடும். கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

நம்பிக்கை 3: தென்துருவத்தில் பனி கூடியதாம். அப்படியானால் உருகுதல் கட்டுக்கதை.

உண்மை: 2014 செப்ரெம்பரில் அந்தாட்டிக்கக் கடற்பனி 200 இலட்சம் சதுர கிலோமீற்றரைத் தாண்டியது உண்மைதான். ஆனால் 2023 பெப்ரவரியில் அது 18 இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி, செய்மதிப் பதிவுகளிலேயே அதுவரை காணாத குறைவைத் தொட்டது. பெப்ரவரி அங்கே கோடைமுடிவு, எப்போதும் பனி குறையும் மாதம். அந்த மாதத்துக்குரிய அளவோடு ஒப்பிட்டாலும் இது மிகக் குறைவு. வடக்கில் போக்கு இன்னும் தெளிவானது. கோடைமுடிவான செப்ரெம்பரில் 1980களில் சுமார் 70 இலட்சம் சதுர கிலோமீற்றராக இருந்த ஆர்க்டிக் கடற்பனி, 2012இல் 34 இலட்சத்துக்குச் சுருங்கியது. இழந்த பரப்பு மட்டும் இலங்கையைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல். ஒரு நல்ல ஆண்டை மட்டும் பொறுக்கியெடுத்து நாற்பது ஆண்டுப் போக்கை மறுக்க முடியாது.

நம்பிக்கை 4: நமக்கு வரும் சூறாவளியும் வெள்ளமும் பனி உருகுவதால்தான்.

உண்மை: 1978 ஒக்ரோபர் 24இல் நிம்பஸ் 7 என்ற செய்மதி ஏவப்பட்டது. துருவத்தின் ஆறுமாத இருளிலும் முகிலுக்கு ஊடாகவும் கடற்பனியை அளக்கும் நுண்ணலைக் கருவி அதில் இருந்தது. இன்றுவரை தொடரும் பதிவு அந்த மாதத்தில்தான் தொடங்கியது. அடுத்த மாதம் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளி வந்தது. அதாவது, ஆர்க்டிக் பனி இன்றைவிடப் பரந்து கிடந்த காலத்திலேயே நம் மண் கண்ட மிகக் கொடிய சூறாவளிகளில் ஒன்று அடித்திருக்கிறது.

நமது மழையை ஆட்டுவிப்பவை பக்கத்துச் சமுத்திரங்கள். இலங்கைக் காலநிலை ஆய்வாளர் லரீஃப் சுபைரும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட கட்டுரை பெரும்போக மழையையே எடுத்து ஆராய்ந்தது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழமையைவிடச் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளில் அந்த மழை கூடும் போக்கு உண்டு என்று அது காட்டியது. பசுபிக் சமுத்திரம் வழமையைவிடச் சூடேறும் எல்நினோ ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடும் போக்கையும் சுபைர் ஆராய்ந்திருக்கிறார். கிழக்கை மூழ்கடித்த 2011 ஜனவரி வெள்ளத்தின்போது பசுபிக்கில் எல்நினோவுக்கு எதிர்நிலையான லாநினா வலுவாக நிலவியது.

நம்பிக்கை 5: ஆர்க்டிக் பனி நமது மழையை மாற்றுவதாக இந்திய விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்.

உண்மை: கோவாவிலுள்ள தேசிய துருவ, சமுத்திர ஆய்வு மையம் இத்துறையில் பெரும்பணி செய்கிறது. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008இல் திறக்கப்பட்டது. 2014இல் அங்குள்ள கொங்ஸ்ஃபியோர்டனில் கடலுக்கடியில் ஓர் அளவீட்டுத் தொகுதியும் நிறுத்தப்பட்டது. அந்த மையத்தின் சௌரவ் சாட்டர்ஜி, எம். இரவிச்சந்திரன் முதலானோர் 2021இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காரா கடலில் கோடைப்பனி குறையும்போது அங்கே திறந்த கடல் காற்றைச் சூடாக்குகிறது; அதனால் மேல்வளியில் எழும் பேரலை ஐரோப்பாவுக்கு மேலாக ஆசியாவை எட்டுகிறது; அரபிக்கடலும் சூடாக இருந்தால் மத்திய இந்தியாவில் பருவ இறுதியில் கனமழை கூடுகிறது. இதுதான் அவர்கள் காட்டிய சங்கிலி.

அதைச் "சாத்தியமான தொடர்பு" என்றே அவர்கள் தலைப்பிட்டார்கள். அது பேசுவதும் மத்திய இந்தியாவின் ஆவணி, புரட்டாதி மழையைப் பற்றி. மண்டூரில் அப்போது கச்சான் வீசும் வறட்சிக் காலம். நமது மாரிமழைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவது அவர்கள் சொல்லாததைச் சொல்வதாகும்.

நம்பிக்கை 6: விஞ்ஞானிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஆகவே ஒன்றும் தெரியாது.

உண்மை: வேறுபாடு எதில் என்று பார்க்க வேண்டும். வெண்பனி மூடிய கடற்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பியனுப்புகிறது. திறந்த கடல் 10 வீதம்கூடத் திருப்புவதில்லை. பனி போன இடத்தில் கடல் சூடேறுகிறது, அந்தச் சூடு இன்னும் பனியைக் கரைக்கிறது. 1979க்குப் பின் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆர்க்டிக் மிக வேகமாகச் சூடேறுகிறது என்பதில் தகராறு இல்லை.

தகராறு அடுத்த படியில். துருவம் சூடேறினால் மேல்வளியின் மேற்குக் காற்றோட்டம் தளர்ந்து அதிகம் வளைந்து நெளியும் என்று ஜெனிஃபர் பிரான்சிஸும் ஸ்டீபன் வாவ்ரஸும் 2012இல் முன்வைத்தார்கள். 2022இல் 16 கணினி மாதிரிகளை ஒரே முறையில் ஓட்டிப் பார்த்த பன்னாட்டு ஆய்வு, அந்தக் காற்றோட்டம் தளர்வது உறுதி, ஆனால் தளர்ச்சி சிறிது என்றது. ஒரு கருத்தைச் சோதித்து அளவைத் திருத்துவதுதான் விஞ்ஞானம். அதை "ஒன்றும் தெரியாது" என்று வாசிப்பது தவறு.

இனி யாராவது துருவப் பனியைக் காட்டி நம் மழையை விளக்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: கடற்பனியா, நிலப்பனியா? எந்தப் பருவத்து மழை? எந்தப் பிரதேசம்? பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் பருவகால எதிர்வுகூறலைக் கேட்டு வாங்குங்கள். துருவத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, தூர்ந்த வடிகாலையும் அழியும் வாவியோரக் கண்டல்களையும் முகத்துவாரம் வெட்டுவதில் ஏற்படும் தாமதத்தையும் பேசாமல் விடக் கூடாது. பனியைக் காக்க உலகம் கரியமிலவாயுவைக் குறைத்தாக வேண்டும். அதற்காகக் குரல் கொடுப்பவர்களின் சொல்லில் மிகை இருந்தால், அது பொய்த்துப்போகும் ஆண்டில் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.