கண்ணை மூடச் சொன்னால் சிரிக்கிறார்கள்

கேள்வி:

டாக்டர், விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். மன அழுத்தத்தைச் சமாளிக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு கையேடும் கொடுத்தார்கள். அதில் இருப்பதுபோல் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னால், கடைசி பெஞ்சில் கிளம்பும் சிரிப்பு முதல் பெஞ்சு வரை வந்துவிடுகிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி. நன்றாகப் படிப்பவள்தான், ஆனால் கணக்குப் பரீட்சை என்றால் காலையிலேயே வாந்தி எடுக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். யாராவது அவன் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கை நீண்டுவிடுகிறது. போன வாரம் ஜாமெட்ரி பாக்ஸை வீசியதில் இன்னொருவனுக்கு நெற்றியில் காயம். நாற்பது நிமிடத்தில் இவர்களுக்கு நான் என்னதான் சொல்லித்தர முடியும்? வீட்டில் பேசலாமென்றால், “எம் புள்ளையப் பைத்தியம்ங்கிறீங்களா டீச்சர்?” என்று சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்:

டீச்சர், சிரித்த பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பதினான்கு வயதில், நாற்பது பேருக்கு நடுவே கண்ணை மூடி உட்காரப் பெரிய தைரியம் வேண்டும். பின்னால் இருப்பவன் தலையில் தட்டுவானோ, பக்கத்தில் இருப்பவள் நம்மையே பார்க்கிறாளோ என்ற நினைப்பிலேயே நேரம் போய்விடும். அந்தக் கூச்சத்தைக் கரைக்க அவர்களிடம் இருக்கும் ஒரே வழி சிரிப்பு.

கையேட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைமையாசிரியருக்கும் சேர்த்துத்தான். வாரம் ஒரு பீரியட் வைத்து வகுப்பு மொத்தத்துக்கும் மனப்பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் அவ்வளவாகத் தாங்கிப்பிடிக்கவில்லை. பிரிட்டனில் ‘மிரியட்’ என்ற பெயரில் சுமார் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கவனக்குவிப்புப் பயிற்சியைச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட மேம்படவில்லை. பெரும்பாலோர் வீட்டுக்குப் போய் அதைச் செய்து பார்க்கவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களின் சோர்வு கொஞ்சம் குறைந்திருந்தது! ஆஸ்திரேலியாவில் இதுபோன்ற ‘வைஸ் டீன்ஸ்’ திட்டத்தில் பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பதட்டத்திலும் பெற்றோருடனான உறவிலும் மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். நன்றாக இருக்கும் பிள்ளையை உட்காரவைத்து ‘உனக்குள் என்ன கஷ்டம், தேடு’ என்றால், தேடித்தான் பார்க்கும். ஏதாவது கிடைக்கத்தான் செய்யும்.

நம் நாட்டு ஆய்வு ஒன்று இதைவிட முக்கியம். பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ‘செஹர்’ என்ற திட்டத்தை நடத்தி, 2018-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்திய ஆலோசகர்கள் திட்டத்தை நடத்தினார்கள். அவர்கள் மனநலப் படிப்பு படித்தவர்கள் அல்லர். வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்களே நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் மனச்சோர்வு, சக மாணவர் சீண்டல், அடிதடி எல்லாம் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் மாற்றமே இல்லை. உங்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, வீட்டுப்பாடம் செய்யாததற்குத் திட்டும் அதே ஆள் வெள்ளிக்கிழமை மூன்றேகால் மணிக்கு ‘என்னிடம் மனதைத் திற’ என்றால் பிள்ளை எப்படித் திறக்கும்? செஹரில் நடந்ததும் மூச்சுப்பயிற்சி வகுப்பு இல்லை. பெயர் போடாமல் குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, சுவரில் மாணவர் பத்திரிகை, காலை வணக்கத்தில் பேச்சு, தனியாகப் பேச ஓர் ஆள். பள்ளிக்கூடத்தின் காற்று மாறியது, பிள்ளைகள் மாறினார்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான்: தன்னைச் சமாளிக்கும் திறனைப் பிள்ளை அமைதியாக இருக்கும்போது, சின்னச் சின்னத் துண்டுகளாக, உங்கள் பாடத்துக்குள்ளேயே கொடுங்கள். அதோடு, பள்ளியே உண்டாக்கும் பதட்டத்தை முதலில் குறையுங்கள். வெள்ளிக்கிழமை பீரியடில் பாதியை விளையாட விடலாம். தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பது பெரிய வசதி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நரம்பு மண்டலம் இருக்கிறது, ஹார்மோன்கள் இருக்கின்றன. அட்ரினலின் என்று ஒரு மார்க் கேள்விக்காக நெட்டுரு போடும் அதே பொருள்தான் கணக்குப் பரீட்சையன்று தங்கள் உள்ளங்கையைச் சில்லிட வைக்கிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் தசைகளுக்குப் பாயும், செரிமானம் பின்னால் தள்ளப்படும். வயிற்றைக் கலக்குவது அதனால்தான். கூடவே கார்டிசால் ஏறும்போது, படித்தது மண்டைக்குள் இருந்தாலும் கைக்கு எட்டாது. ‘வீட்ல எல்லாம் தெரிஞ்சுது, ஹால்ல மறந்துபோச்சு’ என்பது சாக்கு இல்லை. இதைக் கேட்டாலே பாதிப் பிள்ளைகளின் முகம் தெளியும். தனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்று இதுவரை நினைத்திருப்பார்கள்.

மூச்சையும் செய்முறையாகவே கொண்டுவாருங்கள். கண் திறந்தே இருக்கட்டும். மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். இழுக்கும்போது நாடி சற்று வேகமாகவும், விடும்போது நிதானமாகவும் துடிப்பதை விரலே சொல்லும். இந்த வயதில் அது நன்றாகவே தெரியும். மூச்சை வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது. சிரித்தவன்கூட இப்போது விரலை எடுக்க மாட்டான். பையன்கள் இன்னும் முரண்டு பிடித்தால் கபடிக்குப் போங்கள். ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போகிறவனுக்கு வெளிமூச்சை நீட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘அதையே உட்கார்ந்து, சத்தமில்லாமல் எவ்வளவு நேரம் விடுவாய்?’ என்று போட்டி வையுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஆனால் தினமும் வேண்டும், வருகைப்பதிவு முடிந்ததும். முதன்முதலாகப் பரீட்சை ஹாலில் செய்து பார்த்தால் எதுவும் நடக்காது. ‘இதுவும் வேலைக்கு ஆகவில்லை’ என்ற பயம் வேறு சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது, உணர்வுக்குப் பெயர் வைப்பது. நம் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அவமானம், பொறாமை, பயம், பசி எல்லாம் அதற்குள் அடக்கம். உணர்வைச் சொல்லாக மாற்றும்போது மூளையில் பய மணி அடிக்கும் அமிக்டலாவின் கொதிப்பு தணிகிறது என்று மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-இல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். இதற்காக முகப்படம் ஒட்டிய சார்ட் எல்லாம் வேண்டாம். உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்: நெஞ்சு படபடக்குதா, தொண்டை அடைக்குதா, காது சூடாகுதா? காது சூடாவது ஒருவனுக்குக் கோபம், இன்னொருவனுக்கு அவமானம். யாரையும் எழுப்பி நிறுத்திச் சொல்லவைக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதட்டும். அதை நீங்கள் பார்க்க வேண்டாம்.

இப்போது அந்த மாணவி. முதலில் வயிற்றைப் பாருங்கள், பிறகு மனதை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிடுகிறது. எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளை பல வீடுகளில் வெறும் டீயோடு வருகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படபடப்பும் தலைச்சுற்றலும் அதிலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

அதில் ஒன்றும் இல்லையென்றால், அவளுக்கு விடுப்பு கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடாத உதவி. பரீட்சையன்று வீட்டில் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அடுத்த பரீட்சைக்குப் பயம் இரட்டிப்பாகும். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். கணக்கு ஆசிரியரிடம் பேசி, ஐந்து நிமிடத்தில் முடியும் இரண்டு கணக்குகளை அவளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். மார்க் வேண்டாம். அது சாதாரணமான பிறகு பத்து நிமிடம், அப்புறம் அரைப் பரீட்சை, கடைசியில் முழு திருப்புதல் தேர்வு. படபடப்பு முழுதாகப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படபடப்போடேயே எழுதி முடிக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

நம் பொதுத்தேர்வில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. யாரும் அதை ஒழுங்காகப் பயன்படுத்துவதில்லை. வினாத்தாளைப் படிக்க 10 நிமிடம் தருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நேரத்தில் தெரியாத கேள்வியைத் தேடிப் பிடித்துக் கலங்குகிறார்கள். உங்கள் பள்ளித் தேர்வுகளிலும் அந்த 10 நிமிடத்தை அப்படியே கொடுங்கள். முதல் நிமிடம் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்து நீண்ட மூச்சு. பிறகு தெரிந்த கேள்விகளுக்கு மட்டும் மனதுக்குள் ஒரு குறி. தெரியாததைப் பற்றி யோசிக்க மூன்று மணி நேரம் இருக்கிறது.

பள்ளி உண்டாக்கும் பதட்டம் என்றேனே, உங்கள் பள்ளியில் விடைத்தாள் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படிக்கிறார்களா? அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக? அப்படியென்றால் அதை நிறுத்துங்கள். செலவில்லை, பயிற்சி வேண்டாம், அரசாணை வேண்டாம். நீங்கள் வெள்ளிக்கிழமை சொல்லித்தருவது எதையும்விட இது அதிகம் உதவும். உறக்கமும் அப்படித்தான். இந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும். இரவு பன்னிரண்டு வரை படி, காலை நான்குக்கு எழு என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, இன்னொரு பக்கம் மன அழுத்த வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை.

ஜாமெட்ரி பாக்ஸ் வீசியவன் கதை வேறு. அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நம் வகுப்பறைகளில் ‘விளையாட்டு’. அந்த அப்பா என்ன வேலை செய்கிறார், குடிக்கிறாரா, உயிரோடுதான் இருக்கிறாரா, அந்தப் பெயருக்குள் சாதி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். கேலி செய்கிறவர்களை விட்டுவிட்டு இவனுக்கு மட்டும் மூச்சுப்பயிற்சி கொடுத்தால், ‘வாங்கிக்கொண்டு சும்மா இரு’ என்று கற்றுத்தருகிறோம் என்று பொருள். முதலில் அந்தக் கூப்பிடுதல் நிற்க வேண்டும், பெயர் சொன்னவனுக்கும் விசாரணை வேண்டும். சாதிப் பேச்சு இருந்தால் அது உங்கள் பீரியடில் தீரும் விஷயமில்லை. தலைமையாசிரியரின் மேசைக்குப் போக வேண்டும்.

அப்புறம் அவனிடம் வாருங்கள். கோபம் உச்சத்தில் இருக்கும்போது எதையும் கற்றுத்தர முடியாது. நிதானத்துக்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டித்தான் முழுமையாக முதிர்கிறது. கோபத்தில் அதுவும் கைவிட்டுவிடும். ‘ஏன்டா அடிச்ச?’ என்று அந்த நிமிடம் கேட்டால் பதில் வராது. தண்ணீர் குடிக்க அனுப்புங்கள், குரலைத் தாழ்த்துங்கள், கூட்டத்தைக் கலையுங்கள். மறுநாள், தனியாக, நின்றுகொண்டோ நடந்துகொண்டோ பேசுங்கள். கை நீளுவதற்கு முன்னால் உடம்பில் முதலில் என்ன ஆகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பல்லைக் கடிப்பானா, கை இறுகுமா? அந்த அடையாளம் தெரிந்ததும் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவர அவனுக்கு முன்அனுமதி கொடுங்கள். கேட்காமலே போகலாம், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். வகுப்பெடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு பீரியடில் இதற்கே அடிவாங்குவான். காயம்பட்ட பையனிடம் அவன் மன்னிப்புக் கேட்பதும் நடக்கட்டும். காரணம் இருந்தது என்பதால் நெற்றிக் காயம் இல்லையென்று ஆகிவிடாது.

எப்போது உங்கள் கையை மீறுகிறது? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினால், கையில் கீறல்கள் தெரிந்தால், ‘இருந்து என்ன பண்றது’ என்பதுபோலப் பேசினால். அப்போது நேராகவே கேளுங்கள்: ‘சாகணும்னு தோணுதா?’ கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே தலைமையாசிரியருக்கும் வீட்டுக்கும் சொல்லுங்கள். 14416 என்பது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், ஆசிரியர்களும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பெற்றோரிடம் ‘மனம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்: ‘அம்மா, பரீட்சை அன்னிக்குப் பிள்ளை ஒண்ணும் சாப்பிட முடியாம வாந்தி எடுக்கிறா. வீட்ல எப்படி இருக்கா?’ கேள்வியோடு நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அந்த அம்மாவுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். பையன் வீட்டுக்குப் பேசும்போது, அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லுங்கள்; தேடினால் ஒன்று கிடைக்கும். அப்பாவிடம் பேச வேண்டுமென்றால் வேலை முடிந்து வந்த பிறகு, மாலை ஏழு மணிவாக்கில் கூப்பிடுங்கள். பகலில் பள்ளியிலிருந்து போன் வந்தாலே பாதிப் பேருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நிலையில் நீங்கள் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது.