ஐரோப்பிய நாரை ஈ: அது வாழும் இடங்களும் பரவியுள்ள தேசங்களும்

பயிருக்குச் சேதம் விளைவிக்கும் ஒரு பூச்சியைக் கண்டவுடன், இதற்கு என்ன மருந்து தெளிப்பது என்று கேட்பதே குடியானவர்களின் வழக்கமாயிருக்கிறது. அதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. அப்பூச்சி எவ்விடத்தில் வாழ்கிறது, ஏன் அவ்விடத்தில் மாத்திரம் வாழ்கிறது என்பதே அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி என்னும் நான்கு பருவங்களுள் எது மிகவும் வலிமை குன்றியதோ, அதுவே பெரும்பாலும் ஒரு பூச்சி வாழும் எல்லையை நிர்ணயிக்கிறது. அந்தப் பருவத்தை அறிந்தவன் பூச்சியை அடக்குதற்குரிய காலத்தையும் அறிவான். இவ்வுண்மையை விளக்குவதற்கு ஐரோப்பாக் கண்டத்துப் புல்வெளிகளில் வாழும் நாரை ஈயைப் போன்ற தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. இது நம் வயல்களில் உள்ள பூச்சியன்று. ஆயினும் இதன் வரலாற்றினால் நாம் கற்கவேண்டுவது அதிகம்.

அடையாளம்

கொசுவைப் பன்மடங்கு பெரிதாக்கினாற்போன்ற உருவமுடையது இந்த ஈ. உடல் ஏறக்குறைய ஓர் அங்குல நீளம். நிறம் பழுப்புங் கலந்த சாம்பல். கால்கள் மிக நீண்டும் மெலிந்தும், தொட்டால் ஒடிந்துவிடக் கூடியனவாயும் இருக்கும். இக்கால்களைக் கண்டே ஆங்கிலேயர் இதற்கு நாரையின் பெயரை இட்டனர். இது மனிதரைக் கடிப்பதில்லை, பயிரைத் தின்பதுமில்லை. சேதம் முழுவதும் மண்ணுக்குள் இருக்கும் புழுவினாலேயே உண்டாகிறது. அப்புழு காலும் தெளிவான தலையும் இன்றி, மண் நிறத்தோடு தடித்த தோலுடையதாயிருத்தலால், அதனைத் தோற்சட்டை என்னும் பொருள்பட ‘லெதர்ஜாக்கெட்’ என்று அந்நாட்டார் வழங்குவர்.

இக்கட்டுரையில் முக்கியமாய்க் கூறப்படும் ஜாதிக்கு டிப்புலா பாலுடோசா என்பது சாஸ்திரப் பெயர். ஜெர்மானியரான மைகன் என்பவர் 1830-ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். பாலுடோசா என்னும் லத்தீன் சொல்லுக்குச் சதுப்பு நிலத்தைச் சார்ந்தது என்று பொருள். இதற்கு மிக நெருங்கிய மற்றொரு ஜாதி, லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட டிப்புலா ஒலெரேசியா. முதல் ஜாதியின் பெண் ஈக்கு இறகு வயிற்றைவிடக் குட்டையாயிருக்கும், இரண்டாவதற்கு நீண்டிருக்கும். முதலாவது ஆண்டுக்கு ஒரு தலைமுறையும், இரண்டாவது இரண்டு தலைமுறையும் உற்பத்தியாகும்.

ஜீவிய சரித்திரம்

ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஈக்கள் புல்தரையினின்றும் வெளிப்படுகின்றன. பெண் ஈ முட்டைப் பாரத்தினால் நன்கு பறக்க மாட்டாமல், தான் வெளிப்பட்ட இடத்துக்கு அருகிலேயே முட்டைகளில் பெரும்பகுதியை இட்டுவிடும். ஒரு பெண் 300 முட்டை வரையில் இடக்கூடும். அவை கறுத்துப் பளபளப்பாய், கடுகினும் சிறியனவாய், மேல்மண்ணில் அரை அங்குல ஆழத்துக்குள் கிடக்கும். சுமார் இரண்டு வாரத்தில் புழுக்கள் பொரிக்கும்.

இலையுதிர் காலத்தில் இளம்புழுக்கள் வேரையும் தண்டின் அடியையும் கடித்துண்டு மெல்ல வளரும். குளிர்காலத்தில் வளர்ச்சி குன்றியிருந்து, மார்ச்சு முதல் மே வரையில் மிகுந்த பசியுடன் தின்னும். பகலில் மண்ணுக்குள் இருந்து வேரை அரிக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இரவில் மேலே வந்து தண்டையும் இலையையும் கடிக்கும். முழு வளர்ச்சியில் நீளம் ஒன்றரை அங்குலம் வரை இருக்கும். கோடையில் தின்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாகும். ஈ வெளிப்பட்ட பின் அதன் வெறுங்கூடு புல்லிடையே பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்கவேண்டும். சேதம் கண்ணுக்குத் தெரிவது ஏப்ரல் மாதத்தில். ஆனால் பூச்சி மிகவும் பலவீனமாயிருந்தது முந்திய செப்டம்பர் மாதத்தில். இடையில் ஏழு மாதங்கள் கழிந்துவிடுகின்றன. சேதத்தைக் கண்ட பின்னரே முயற்சி செய்பவன் தடித்த தோலுடைய புழுவோடு போராடவேண்டியவனாகிறான்.

வாழும் இடங்கள்

நிரந்தர மேய்ச்சல் நிலங்கள், வைக்கோலுக்காக வளர்க்கும் புல்வயல்கள், வீட்டு முற்றத்துப் புல்தரைகள், விளையாட்டு மைதானங்கள் ஆகியவையே இதற்கு உகந்த இடங்கள். 1935-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் உலகப் பிரசித்தி பெற்ற லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் புல்தரையையும் இப்புழுக்கள் பாழ்படுத்தின.

இவ்விடங்களுக்கெல்லாம் பொதுவாயுள்ள தன்மை மேல்மண்ணின் ஈரம். முட்டைக்கும் பொரித்த சிறு புழுவுக்கும் வறட்சியைத் தாங்கும் சக்தி இல்லை. மண் காய்ந்தால் அவை வற்றி இறந்துபோகும். இதற்குத் தக்க சாட்சி இங்கிலாந்தின் வடபகுதியாகிய நார்தம்பர்லாந்தில் கிடைத்தது. அங்கே 1955, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இப்புழுக்களின் தொகை திடீரென்று வீழ்ச்சியுற்றது. மில்ன் என்பவரும் அவரோடு உழைத்தவர்களும் ஆராய்ந்து, முட்டைப் பருவத்திலும் முதற் புழுப் பருவத்திலும் நேர்ந்த வறட்சியே அதற்குக் காரணம் என்று கண்டனர். வலிய மருந்துகள் சாதிக்கவேண்டிய காரியத்தைச் சில வாரங்களின் வறட்சி செய்து முடித்தது.

ஆண்டுக்குச் சுமார் 24 அங்குல மழையும், கடுமையற்ற குளிர்காலமும், வெப்பம் மிகாத கோடையும் உள்ள பிரதேசமே இதற்கு ஏற்றதென்று கூறுவர். கோயம்புத்தூரில் பெய்யும் மழையும் இதனினின்றும் வெகுவாக வேறுபட்டதன்று. ஆயினும் நமது வெயிலில் மேல்மண் சில நாட்களில் உலர்ந்துவிடும்; அங்கோ வாரக்கணக்கில் ஈரம் தங்கும். ஆகையால் மழையின் அளவை மட்டும் நோக்காமல், ஈரம் மண்ணில் எத்துணைக் காலம் நிற்கிறது என்பதையும் நோக்கவேண்டும்.

பரவியுள்ள தேசங்கள்

மேற்கூறிய சீதோஷ்ண நிலைக்கு ஒத்தவாறே இதன் பரவலும் அமைந்திருக்கிறது. பிரிட்டிஷ் தீவுகள், பிரான்சு, ஜெர்மனி, ஸ்காண்டிநேவியா முதலிய வடமேற்கு ஐரோப்பிய நாடுகளே இதன் தாயகம். கடற்காற்றினால் ஈரம் மிகுந்த ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியிலும் அயர்லாந்திலும் இது பெருந்தொல்லையாயிருக்கிறது.

சொந்த இறகினால் அதிக தூரம் செல்லமாட்டாத இந்த ஈ அட்லாண்டிக் மகாசமுத்திரத்தையும் கடந்துவிட்டது. 1955-இல் கானடாவின் கீழ்க்கரையிலுள்ள கேப் பிரெட்டன் தீவிலும், 1965-இல் மேல்கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், 1966-இல் அதனை அடுத்த அமெரிக்க வாஷிங்டன் மாகாணத்திலும் இது காணப்பட்டது. 2004-இல் நியூயார்க் மாகாணத்திலும், 2005-இல் மிச்சிகனிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இரு கரைகளுக்கும் நடுவேயுள்ள, கோடையில் வறண்டு குளிர்காலத்தில் உறைந்துபோகும் பெருஞ்சமவெளிகள் இதற்கு இசைந்த இடமல்ல. ஆகவே நிலத்தின் வழியே படிப்படியாகப் பரவியது என்று கொள்வதைவிட, வேரோடு மண்ணும் ஒட்டிய செடிகள், பெயர்த்த புல்தரைத் துண்டுகள் ஆகியவற்றோடு மனிதனாலேயே கொண்டுசெல்லப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.

வாஷிங்டன் மாகாணத்தில் கோடை வறண்டதே. ஆயினும் வீட்டாரும் மைதானக்காரர்களும் புல்தரைக்கு ஓயாமல் நீர் பாய்ச்சி, முட்டைக்கு வேண்டிய ஈரத்தைத் தாங்களே அளித்து வருகிறார்கள். வானம் மறுத்ததை மனிதன் கொடுக்கும்பொழுது பூச்சியின் எல்லையும் விரிவடைகிறது.

ஒலெரேசியா ஜாதியோ தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசத்து மலைநாட்டிலும் குடியேறியிருப்பது 1999-இல் வெளிவந்தது. பூமத்திய ரேகையின்மேல் அமைந்த தேசமாயினும், உயர்ந்த மலைகளில் குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் அங்கே பிழைக்கிறது. வெப்ப மண்டலம் என்ற ஒன்றே பாதுகாப்பாகாது என்பதை இதனால் உணரலாம்.

விளையும் நஷ்டம்

புல் திட்டுத்திட்டாக மஞ்சளித்து, வேரற்று, கையால் இழுத்தால் பாய்போல் உரிந்து வரும். புல்நிலத்தை உழுது வசந்த காலத்தில் பார்லி, ஓட்ஸ் விதைக்கும் குடியானவனுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். புல்லை நம்பியிருந்த புழுக்கள் யாவும் புதிதாய் முளைத்த பயிரின்மீது பாய்கின்றன. பிரிட்டனில் புல்நிலத்தில் சதுர அடிக்குச் சுமார் 9 புழுக்களும், வசந்தகாலத் தானியப் பயிரில் சுமார் 5 புழுக்களும் இருந்தால் நஷ்டம் நேரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

நிவாரண முறைகள்

முற்காலத்தில் பாரிஸ் பச்சை என்னும் விஷத்தைத் தவிட்டில் கலந்து இரைத்தார்கள். பிற்காலத்தில் குளோர்பைரிபாஸ் என்னும் மருந்து பெரிதும் உபயோகிக்கப்பட்டு வந்தது. 2016-இல் பிரிட்டனில் பெரும்பாலான உபயோகங்களினின்றும் அது நீக்கப்பட்டது. மருந்தையே நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றனர். பூச்சியின் பலவீனமான பருவத்தை அறிந்தவர்களுக்குக் கீழ்க்கண்ட வழிகள் எஞ்சியிருந்தன.

1. தானியம் விதைக்க எண்ணிய புல்நிலத்தை, ஈக்கள் முட்டையிடுமுன், அதாவது ஜூலையிலோ ஆகஸ்டுத் தொடக்கத்திலோ உழுதுவிடுதல்.

2. நீர் தேங்கும் நிலத்துக்கு வடிகால் அமைத்தல். முட்டையிடும் வாரங்களில் புல்தரைக்கு நீர் பாய்ச்சுவதைக் குறைத்தல்.

3. விதைக்குமுன் புழுக்களை எண்ணிப் பார்த்தல். மண்ணில் குழாயைப் பதித்து உப்புநீரை ஊற்றினால் புழுக்கள் மேலே வரும். சிறு புல்தரையில் நன்றாக நீர்விட்டு ஈரச்சாக்கை இரவில் விரித்து வைத்தால், காலையில் அதனடியில் புழுக்களைக் காணலாம்.

4. புழுக்களின் உடலுட் புகுந்து அவற்றைக் கொல்லும் ஸ்டெய்னர்நீமா என்னும் நுண்ணிய நூற்புழுவை, மண்ணில் ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும் இலையுதிர் காலத்தில், புழுக்கள் இளமையாயிருக்கையில் இடுதல்.

5. பட்சிகளைக் காத்தல். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பட்சியும், காக்கையினத்தைச் சேர்ந்த ரூக் பட்சியும் இப்புழுக்களை ஏராளமாய்த் தின்கின்றன.

நாம் அறியவேண்டுவது

இதனின்றும் நிலமுடையோர் கொள்ளவேண்டிய பாடம், எந்தப் பூச்சியாயினும் அதன் வலிமை குன்றிய பருவத்தை முதலில் கேட்டறிந்து, உழவையும் நீர்ப்பாய்ச்சலையும் அக்காலத்துக்கு இசைய அமைத்துக்கொள்ளுதலாம். சேதத்தைக் கண்ட நாளில் தொடங்கும் முயற்சி செலவு மிக்கது, பலன் குறைந்தது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டியதும் ஒன்று உண்டு. 1914-ஆம் ஆண்டின் நாசகாரப் பூச்சிகள் சட்டத்தின்கீழ் 2003-இல் பிறந்த உத்தரவு, வெளிநாட்டு மண்ணையும் மண்ணொட்டிய செடிகளையும் அனுமதியின்றி இறக்குமதி செய்வதைத் தடுக்கிறது. நீலகிரியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருமுறை குடிபுகுந்த அது இன்றளவும் நீங்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் அயல்நாட்டுச் செடியோ கிழங்கோ மண்ணோடு வந்திருப்பதாகத் தெரிந்தால், அதனை நடுமுன்னரே விவசாய அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். ஒரு கைப்பிடி மண்ணைத் தடுத்து நிறுத்துவது எளிது. அதிலிருந்து வெளிப்பட்ட பூச்சியை ஒரு மலை முழுவதும் தேடுவது எளிதன்று.