மண்ணில் பழைய டோக்கன் கிடைத்தால்: தேய்க்காதீங்க, விற்காதீங்க, தெரிவியுங்க

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, தொலைந்த நகையை மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடும்போதோ, வட்டமான செம்புத் துண்டு ஒன்று கிடைக்கலாம். பார்த்தால் காசு மாதிரியே இருக்கும். ஆனா ராஜா தலையோ அரசு முத்திரையோ இருக்காது. ஒரு கம்பெனிப் பெயரோ, இரண்டு மூன்று எழுத்துகளோ மட்டும் இருக்கும். அது வணிக டோக்கனாக இருக்கலாம்.

டோக்கன் ஏன் வந்தது?

முக்கியக் காரணம் சில்லறைத் தட்டுப்பாடு. இங்கிலாந்தில் 1649 முதல் 1672 வரை கடைக்காரர்களும் சத்திரக்காரர்களும் சொந்தமாகவே சில்லறை டோக்கன் அடித்தார்கள். 1672-ல் அரசே செம்புக் காசு வெளியிட்டு இதை நிறுத்தியது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களும் கொழும்புக் காப்பி ஆலைகளும் கூலிக் கணக்குக்காக டோக்கன் வெளியிட்டன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்து போனவர்கள்தான்.

எப்படிப் படிப்பது?

1. பண மதிப்பைப் பாருங்க. நம் நாட்டில் நயா பைசா வந்தது 1957-ல். 'அணா' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. இலங்கை 1872-ல் ரூபாய், சதக் கணக்குக்கு மாறியது. அந்த ஊர் டோக்கனில் 'பென்ஸ்' இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. எழுத்துகளைப் பாருங்க. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து டோக்கன்களில் மேலே ஒன்று, கீழே இரண்டு என மூன்று எழுத்துகள் இருப்பது வழக்கம். மேலே உள்ளது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. கீழே உள்ளவை கணவன், மனைவி பெயர்களின் முதல் எழுத்துகள். இதை வைத்துத் தேவாலயத் திருமணப் பதிவேட்டில் கடைக்காரரையே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

3. ஊர்ப் பெயர், தொழில் சின்னம், துளை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்க.

இடம்தான் முக்கியம்

டோக்கன் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தில் மட்டுமே செல்லும். அது எங்கே கிடைத்தது என்று தெரிந்தால், யார் எதுவரை வியாபாரம் செய்தார்கள் என்று தெரியும். இடம் தெரியாவிட்டால் கதையில் பாதி போய்விடும். அதனால் மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்துங்க. போன் கேமராவில் 'லொகேஷன்' வசதியை ஆன் செய்து, கிடைத்த இடத்தைப் படம் எடுங்க. டோக்கன் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் எடுங்க. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். புளி, எலுமிச்சை, பிரஷ் எதுவும் போட்டுத் தேய்க்கவே கூடாது. அழுக்கோடு எழுத்தும் போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதியோடு டிடெக்டரில் தேடுவது ஒரு பொழுதுபோக்கு. கிடைத்ததைப் பதிவு செய்ய 1997 முதல் தனித் திட்டமே இருக்கிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே கிளம்பிவிடாதீங்க. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவது குற்றம்.

சொந்த நிலமாக இருந்தாலும், 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். 'பத்து ரூபாய் கூடப் பெறாது' என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்க. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசையா? 1851-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பு இருக்கிறது.

ஏமாறாதீங்க

படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், 'லட்ச ரூபாய்க்கு வாங்கிக்கிறோம், முதல்ல கமிஷன் கட்டுங்க' என்று யாராவது கூப்பிடலாம். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் இப்படி மோசடி நடக்கிறது. பழைய நோட்டு, நாணய விற்பனைக்குத் தாங்கள் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை என்று அந்த வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்க.

பழைய இரும்புக் கடையில் போட்டால் அந்தச் செம்புத் துண்டுக்குச் சில ரூபாய் கிடைக்கும். கிடைத்த இடத்தோடு பதிவானால், ஏட்டில் ஏறாத ஒரு கடையோ, கூலி வாங்கிய ஒரு கையோ வரலாற்றில் இடம்பிடிக்கும்.