எங்கள் காலுக்குக் கீழும் குகைதான்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

பாரிஸ் வாசக அன்பருக்கு,

வழிகாட்டியோடு பாரிஸின் நிலக்கீழ்ச் சுரங்கத்தில் நடந்துவந்ததை எழுதியிருந்தீர்கள். 131 படி இறங்கி, 20 மீற்றர் ஆழத்தில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடந்தபோது, அடுக்கிவைத்த மனித எலும்புகளைவிட அந்த வெளிறிய கல்தான் மனதில் நின்றதாம். அது ஊர்க் கிணற்றை ஞாபகப்படுத்தியதாம். "எங்கட ஊருக்குக் கீழயும் இப்படி இருக்குமோ?" என்று கேட்டீர்கள். பலருக்கும் உள்ள கேள்விதான். ஆகவே பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

இருக்கிறது. ஆனால் நடந்துபார்க்க முடியாது.

அங்கேயும் இங்கேயும் பழைய கடலடியில் படிந்த சுண்ணக்கல்தான். பாரிஸின் கல் எங்களுடையதைவிட மூத்தது. அங்கே வீடு கட்டக் கல்லை வெட்டியெடுத்து, கீழே வெறுமையை விட்டார்கள். 1774இல் ஒரு தெருவின் ஒரு பகுதி அப்படியே உள்ளே போனது. 1777இல் பதினாறாம் லூயி மன்னன் சுரங்கங்களைப் பரிசோதிக்கவென்றே ஒரு அலுவலகம் அமைத்தான். அது இன்றும் இயங்குகிறது. இடுகாடுகளின் எலும்புகள் வந்துசேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இங்கே மனிதர் உள்ளே ஒளியத் தோண்டியது யுத்தகாலப் பங்கர்தான். பனங்குற்றி பரப்பி, மேலே மண்மூட்டை அடுக்கிய அந்தக் குழிகளில் பெரும்பாலானவை தூர்ந்துவிட்டன. கீழே உள்ள குகைகள் மழையின் வேலை. மாரிமழை காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. செம்பாட்டு மண்ணைத் தாண்டி இறங்கி, கல்லின் வெடிப்புகளை அரித்து அகலமாக்குகிறது. கோடையில் நீர் வற்றிய கிணற்றை எட்டிப்பாருங்கள். மேலே சிவப்பு மண், அதற்குக் கீழே வெள்ளைக் கல், கல்லில் கைவிரல் நுழையும் ஓட்டைகள். அவைதான் ஊற்றுக்கண். நீங்கள் கேட்ட சுரங்கத்தின் வாசலும் அவைதான்.

வாசல் பெரிதாகத் திறந்த இடங்களும் உண்டு: ஊரெழுப் பொக்கணை, புத்தூர் நிலாவரை, கீரிமலைக் கேணி. நிலாவரையில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்பார்கள். கதை எப்படியானாலும், நிலத்துக்குக் கீழே நீருக்கு வழி உண்டென்று ஊருக்குத் தெரிந்திருந்தது. நிலாவரையில் மேலே நன்னீர். ஆழம் போகப்போக உவர். குடாநாடு முழுக்க அதே நிலைதான். நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு இது. புகையிலைக்கு இறைத்ததும், மருதனார்மடம் சந்தைக்குப் போகும் மரக்கறிக்கு இறைப்பதும், நாங்கள் குடிப்பதும் இந்தக் குகைகளின் தண்ணீர்தான். பாரிஸ் தன் வெற்றுச் சுரங்கத்துக்குக் காவல் வைத்தது. நாங்கள் நீர் நிறைந்த சுரங்கத்தில் உரத்தையும் மலக்குழி நீரையும் இறங்கவிட்டோம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்குமேல் உண்டு. பக்கத்துச் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தச் சொன்னது. மணலில் என்றால் நீர் வடிகட்டப்பட்டு மெதுவாக ஊரும். இந்தக் கல்லில் அது ஓட்டைவழியே ஓடிவிடும். ஒரு வளவில் ஊற்றியது எந்தக் கிணற்றில் எழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த வருடம் இங்கே வீடு கட்டப்போவதாகக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். மலக்குழியை அடியும் பக்கமும் சீமெந்தால் அடைத்துக் கட்டுங்கள். நிறைந்தால் பவுசர் வந்து எடுக்கட்டும். கிணற்றிலிருந்து இத்தனை அடி தள்ளி என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். முற்றம் முழுக்கக் கல் பதிக்கச் சொல்வார்கள், வேண்டாம். மழைக்குக் கொஞ்சம் மண் விடுங்கள். ஆவணியில் வந்தால் நிலாவரைக்கும் கீரிமலைக்கும் நானே வழிகாட்டியாக வருகிறேன், கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் ஊரவன்