தேநீர்ப் பையில் வந்த நிலாவாரை

சென்ற ஆண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். காலை வணக்கக் கூட்டத்தில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றுதான் நினைத்தோம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உட்கார வைத்த பிறகு, மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்றாள். எதனால் என்று கேட்டதற்கு நெடுநேரம் பதில் இல்லை. பிறகு பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள். உடல் எடையைக் குறைக்கும் மூலிகைத் தேநீர். இரவில் ஒன்று என்று போட்டிருந்ததை இரண்டாகக் குடித்திருக்கிறாள்.

அந்தத் தேநீர்ப் பெட்டியை நான் முன்பே பார்த்திருக்கிறேன், எங்கள் ஆசிரியர் அறை மேசையில். தெரிந்தவர் ஒருவர் விற்கிறார் என்று நாங்கள் நான்கு பேர் வாங்கியிருந்தோம். நானும் ஒருத்தி. நோட்டு அடுக்க வந்தபோது பார்த்துவிட்டு, அதையே தேடி வாங்கியிருக்கிறாள். "நீங்களும் குடிக்கிறீங்கல்ல டீச்சர், அதான்..." என்று அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

அன்று மாலைதான் பெட்டியின் பின்பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். பொருட்பட்டியலில் முதலில் நின்றது சென்னா இலை. சென்னா வேறொன்றும் இல்லை, நம் நிலாவாரைதான். உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர்; திருநெல்வேலியின் பழைய ஆங்கில வடிவம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைவது. அந்த மாணவியின் தாத்தாவும் பயிரிடுகிறவர்.

நிலாவாரையைக் குறை சொல்வதற்கில்லை. மலச்சிக்கலுக்கு நல்ல மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில்கூட இடம்பெற்றிருக்கிறது. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, சேரக்கூடாதவை உண்டு. 'தேநீர்' என்று பெயர் மாறியதும் இவை மூன்றும் மறந்துவிடுகின்றன.

மறுவாரம் செரிமான மண்டலப் பாடத்தை இதைக் கொண்டே நடத்தினேன். கரும்பலகையில் சிறுகுடலையும் பெருங்குடலையும் வரைந்துவிட்டு, கொழுப்பும் சர்க்கரையும் எங்கே உட்கிரகிக்கப்படுகின்றன என்று கேட்டேன். சிறுகுடல் என்று வகுப்பே சொன்னது. நிலாவாரையில் உள்ள சென்னோசைடுகள் சிறுகுடலைப் பெரும்பாலும் அப்படியே கடந்துபோய், பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களால் உடைக்கப்பட்ட பிறகே வேலை செய்கின்றன என்றேன். சிறிது நேரம் அமைதி. பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அப்போ எடை மெஷின்ல குறைஞ்சது வெறும் தண்ணியா டீச்சர்?" ஆமாம். சாப்பாட்டின் ஆற்றல் அதற்குள் உடலில் சேர்ந்துவிட்டிருக்கும். வெளியேறுவது நீரும் உப்புகளும். இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் எடையும் திரும்பிவிடும்.

போகும் உப்புகளில் முக்கியமானது பொட்டாசியம். தசையும் இதயமும் சீராகச் சுருங்கி விரிய அது வேண்டும். எங்கள் அறையில் அந்தத் தேநீரை வாங்கிய இன்னொரு ஆசிரியை இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரைகளில் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்ததில் இரவெல்லாம் கெண்டைக்கால் சுண்டி இழுப்பு. வயதாகிவிட்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில்தான் பொட்டாசியம் குறைந்திருப்பது தெரிந்தது. டிகாக்சின் என்ற இதய மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் குறைவு இன்னும் ஆபத்து. வழக்கமான அளவு மாத்திரையே நஞ்சாக மாறக்கூடும்.

மருந்தும் மூலிகையும் மோதுவதற்கு வேறு வழிகளும் உண்டு. இசப்கோல் போன்ற நார்ப்பொருள்கள் வயிற்றில் கூழாகி, உடன் விழுங்கிய மாத்திரையைத் தடுத்து நிறுத்திவிடும். காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு நார்ச்சத்துப் பானம் குடிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறுகிறதே என்று வருந்துபவர்கள் இந்த இடைவெளியைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மிளகில் உள்ள பைப்பரின் நேர்மாறான வேலையைச் செய்யும். வலிப்பு நோய்க்கான பினைட்டாயின் உள்ளிட்ட சில மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். இரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். பைப்பரினைத் தனியே பிரித்து மாத்திரைக்குள் அடைத்து விற்கும்போதுதான் கவனம் வேண்டும். வலிப்புக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள்.

சமையலறைக்கும் மாத்திரைக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்குக் குடம்புளி நல்ல உதாரணம். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் மீன்குழம்பில் காலங்காலமாகப் போடுவது. அதிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தைச் செறிவாக்கி, 'கார்சினியா' என்ற பெயரில் எடைக்குறைப்பு மாத்திரையாக விற்கிறார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பச்சைத் தேயிலையும் அப்படித்தான். கோப்பையில் வடித்துக் குடித்தால் கவலையில்லை. அதன் சாற்றிலுள்ள கேட்டச்சின் வகைப் பொருளை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் அறிவித்தது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவரின் கல்லீரல் ஏற்கெனவே சுமை தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் இதையும் ஏற்றக் கூடாது.

தாவரவியல் நடத்துபவர்களுக்கு ஒரு செய்தி. இருசொற் பெயரிடும் முறையை ஒரு மதிப்பெண் வினாவாக மட்டும் நாம் நடத்திவிடுகிறோம். 1990-களின் தொடக்கத்தில், பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் எடைக்குறைப்பு மையம் ஒன்றுக்குச் சென்ற பெண்களின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவர்கள் 100-க்கும் மேல். ஸ்டெபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா கலந்திருந்தது. சீன மொழியில் இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்று. பின்னர், செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரைப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. நம் கரிசல் காடுகளில் காணும் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். பெயர்க் குழப்பம் நம்மிடமும் உண்டு. எங்கள் ஊரில் நிலாவாரையை அவுரி என்பார்கள். நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு செடி. வகுப்பில் இதைச் சொன்னபோது, அறிவியல் பெயர் எதற்கு என்று அதன்பின் யாரும் கேட்கவில்லை.

பெட்டியில் எழுதாத பொருளும் உள்ளே இருக்கலாம். சிபுட்ரமின் என்ற பசியடக்கி, மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்தைக் கூட்டுவதால் இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. அதன் பின்னரும் 'முழுக்க மூலிகை' என்று விற்ற பல பொருள்களில் அது கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டுபிடித்திருக்கிறது. உடற்பருமனைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யவே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. இருந்தும் விளம்பரங்கள் கைப்பேசியில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வகுப்பில் செய்ய எளிய செயல்பாடு ஒன்று. காலி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். யார் வீட்டுப் பெட்டி, யார் குடிக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம். பொருட்பட்டியல், அளவு, உரிம எண், எச்சரிக்கை நான்கையும் குழுவாகத் தேடட்டும். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரி எந்த மூலையில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று அளவுகோலால் அளக்கச் சொன்னேன். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. பக்கவிளைவு ஏற்பட்டால் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருப்பதையும் எழுதிப் போடலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பயந்துபோய் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

அந்த மாணவியிடம் தனியாகப் பேசினேன். 'குண்டு' என்ற பட்டப்பெயரை வைத்தது மாணவிகள் மட்டுமில்லை. ஆசிரியர் ஒருவரும் விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறார். அவரிடமும் பேசினோம். அவள் அம்மாவை வரச் சொல்லி, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினோம். எங்கள் மேசைப் பெட்டி குப்பைக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். தேநீர்ப் பையைக் கிழித்து இலையைத் தாத்தாவிடம் காட்டினாளாம். "இது நம்ம காட்டு இலைலா? ஆடு மாடுகூடக் கடிக்காதே, இதையா காசு கொடுத்து வாங்குனே?" என்று கேட்டாராம்.