சன்னலின் வெளிப்பக்கம் யார் வேலை?

கேள்வி: எங்களுடையது செங்காங்கில் 14வது மாடியில் உள்ள நான்கறை வீடு. தீபாவளிக்கு முன் சன்னல்களைத் துடைத்தாக வேண்டும். வீட்டில் பணிப்பெண் இருக்கிறார். கூடுதலாக 50 வெள்ளி கொடுத்தால் வெளிப்பக்கத்தையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒரு துப்புரவு நிறுவனமோ 180 வெள்ளி கேட்கிறது. 50 எங்கே, 180 எங்கே? எதற்கு ஒப்புக்கொள்வது?
– வாசகி, செங்காங்

பதில்: அந்த 50 வெள்ளியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். உயரத்தில் இருக்கும் சன்னலின் வெளிப்பக்கத்தைப் பணிப்பெண் துடைக்கலாமா என்பது பேரம் பேசித் தீரும் விஷயமில்லை. அவருடைய வேலை அனுமதியின் நிபந்தனைகளே அதைச் சொல்லிவிடுகின்றன.

2012ஆம் ஆண்டின் முதல் பாதியில் சிங்கப்பூரில் பணிப்பெண்கள் அடுத்தடுத்து மாடியிலிருந்து விழுந்து இறந்தார்கள். சன்னல் துடைக்கும்போது விழுந்தவர்களும் அவர்களில் உண்டு. தன் நாட்டுப் பெண்களை இந்த வேலையில் இறக்கக் கூடாது என்று இந்தோனீசியத் தூதரகம் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னது. அந்த ஜூன் மாதம் மனிதவள அமைச்சு விதியை இறுக்கியது. தரைத்தளத்து சன்னலுக்கும் பொதுத் தாழ்வாரத்தை ஒட்டிய சன்னலுக்கும் தடை இல்லை. மற்ற சன்னல்களின் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டுமானால் சன்னலில் கிரில் இருக்க வேண்டும். வேலை முடியும்வரை அது பூட்டியே இருக்க வேண்டும். முதலாளியோ அவர் சார்பில் வயதுவந்த ஒருவரோ கூடவே நின்று பார்க்க வேண்டும். கையைத் தவிர உடம்பின் எந்தப் பகுதியும் சன்னல் விளிம்பைத் தாண்டக் கூடாது. மீறும் முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கிரில் இல்லாத 14வது மாடி என்றால் பேச்சுக்கே இடமில்லை. கிரில் இருந்தாலும், அவர் துடைக்கும் நேரத்தில் வீட்டார் அலுவலகத்தில் இருந்தால் அதுவும் மீறல்தான்.

‘அவரே முன்வந்து கேட்கிறாரே’ என்று தோன்றலாம். ஊரில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு 50 வெள்ளி பெரிய தொகை. அதற்காக அவர் எதற்கும் சரி என்பார். அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர். பணிப்பெண்ணுக்கு முதலாளி எடுக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்புறுதியின் குறைந்தபட்சத் தொகை 60,000 வெள்ளி. துப்புரவு நிறுவனத்தின் ஊழியருக்குக் கிடைக்கும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் கிடையாது. தீபாவளிப் பரிசாக அந்த 50 வெள்ளியை அவர் கையில் கொடுங்கள். சன்னலின் உள்பக்கம், தண்டவாளப் பள்ளம், கொசுவலை ஆகியவற்றை அவர் தரையில் நின்றபடியே செய்யலாம். நாற்காலி மேல் ஏறவும் வேண்டாம்.

இனி 180 வெள்ளி. இங்கே நிறுவனங்கள் மூன்று விதமாக விலை சொல்கின்றன: மணிக்கு இவ்வளவு, ஒரு கண்ணாடிப் பலகைக்கு இவ்வளவு, முழு வீட்டுக்கும் இவ்வளவு. பகுதிநேர வீட்டுத் துப்புரவுக்கு ஒருவருக்கு மணிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 வெள்ளி வாங்குகிறார்கள். வரவேற்பறை, மூன்று படுக்கையறை, சமையலறை, கழிவறை என்று எல்லாச் சன்னல்களையும் இரண்டு பேர் உள்ளும் வெளியும் துடைத்து, பள்ளத்தில் படிந்த மண்ணைச் சுரண்டி எடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேர உழைப்பு; மணிக்கு 25 என்றால் 150 வெள்ளி. நீட்டுக்கோல், பாதுகாப்பு வார், காப்புறுதி, போக்குவரத்து எல்லாம் அதன்மேல் ஏறும். 180 அநியாயமில்லை. யாராவது 60 வெள்ளிக்கு முழு வீட்டையும் முடிப்பதாகச் சொன்னால்தான் யோசிக்க வேண்டும். ஒன்று வெளிப்பக்கம் விட்டுப்போகும், அல்லது ஊழியரின் பாதுகாப்பு விட்டுப்போகும்.

விலையை ஒப்பிடுமுன் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். சொன்ன தொகையில் பொருள், சேவை வரி 9 விழுக்காடு அடங்குமா? கிரில், கொசுவலை, சட்டம் எல்லாம் சேர்த்தா, கண்ணாடி மட்டுமா? வெளிப்பக்கத்தை எப்படிச் செய்வார்கள்? ‘உள்ளே நின்றபடி நீட்டுக்கோலால்’ என்பது நல்ல பதில். ‘சன்னல் திண்டில் ஏறி நின்று’ என்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். கைக்கோ கோலுக்கோ எட்டாத, திறக்க முடியாத சன்னல் கண்ணாடி இருந்தால் கயிற்றில் இறங்கும் பயிற்சி பெற்றவர்கள்தான் வர வேண்டும். ஒரே ஆள் தொங்கினாலும் வேலைக்கு ஒன்று, காப்புக்கு ஒன்று என இரண்டு கயிறுகள் வெவ்வேறு பிடிமானத்தில் கட்டப்பட்டிருக்கும். அதன் விலை வேறு. கூட்டுரிமைக் குடியிருப்பில் அதைப் பெரும்பாலும் நிர்வாகமே மொத்தமாக ஏற்பாடு செய்யும்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில்தான் கட்டணம் உச்சத்துக்குப் போகும். தீபாவளிக்கு அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனால் அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை நேரமாகக் கேளுங்கள். வெயில் நேராக விழும் நேரத்தில் சோப்புத் தண்ணீர் துடைக்குமுன் காய்ந்து கோடு போட்டுவிடும். கீழ்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூங்கில் கழியில் காயும் துணியில் உங்கள் வீட்டு அழுக்குத் தண்ணீர் விழக் கூடாது.

கேள்வி: அடுத்த புளோக்கில் வேலை செய்யும் பணிப்பெண் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் வந்து எங்கள் வீட்டைச் சுத்தம் செய்துதரத் தயார். 80 வெள்ளி கேட்கிறார். அவருடைய முதலாளிக்கும் சம்மதம். வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: கூடாது. பணிப்பெண்ணின் வேலை அனுமதி ஒரு முதலாளிக்கும் ஒரு முகவரிக்கும் உரியது. முதலாளி சம்மதித்தாலும் அது செல்லாது. அப்படி அனுப்புவதற்கு அவரே 10,000 வெள்ளி வரை தண்டம் கட்ட நேரிடும். செல்லத்தக்க அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்த குற்றத்துக்கு உங்களுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ வரலாம். எல்லாரையும்விட அதிகம் இழப்பவர் அந்தப் பெண்தான். வேலை போய், திரும்ப வரவும் முடியாமல் ஆகிவிடும்.

முழுநேரப் பணிப்பெண் தேவைப்படாத வீடுகளுக்காகவே அரசாங்கத்தின் வீட்டுச் சேவைத் திட்டம் இருக்கிறது. 2017இல் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021இல் நிரந்தரமானது. அதில் சேர்ந்த நிறுவனங்கள் வெளிநாட்டு ஊழியர்களைச் சட்டப்படி பல வீடுகளுக்குப் பகுதிநேரமாக அனுப்பலாம். அந்த நிறுவனங்களின் பட்டியல் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. ஆனால் பல நிறுவனங்கள் சாதாரண வீட்டுத் துப்புரவில் சன்னலின் வெளிப்பக்கத்தைச் சேர்ப்பதில்லை. பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். வந்து நிற்கும் ஊழியரிடம் ‘இதையும் கொஞ்சம்’ என்று கேட்டு அவரைத் தர்மசங்கடத்தில் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கியிருக்கிறோம். தள்ளித் திறக்கும் சன்னலைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்தால் நன்றாகத் துடைக்கலாம் என்கிறார் துப்புரவாளர். விடலாமா?
– வாசகி, அங் மோ கியோ

பதில்: விட வேண்டாம். தள்ளும் சன்னலின் பலகை தண்டவாளத்தை விட்டு நழுவாமல் இருக்க, ஓரங்களில் தடுப்புக் கட்டையும் கோணப் பட்டையும் பொருத்தியிருப்பார்கள். அவற்றைக் கழற்றித் தூக்கும்போது கை நழுவினால் பலகை கீழே நடந்துபோகிறவர் தலையில் விழும். கழற்றியதைத் திரும்பச் சரியாகப் பொருத்தாமல் விட்டால் அடுத்த பெருங்காற்றில் அதுவாகவே விழும்.

அதே வீட்டில் கதவு போல வெளியே திறக்கும் சன்னல் இருந்தால், துப்புரவாளர் வருமுன் அதன் ரிவெட் ஆணிகளைப் பாருங்கள். பழைய அலுமினிய ஆணிகள் நாளடைவில் அரித்துப்போகும். 2004ஆம் ஆண்டு முதல் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போடுவது சட்டப்படி கட்டாயம். மாற்றாத வீட்டுக்காரருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. பராமரிக்காத சன்னல் விழுந்தால் இது 10,000 வெள்ளி, ஓராண்டு என உயரும். ஆணி மாற்றுவது துப்புரவாளரின் வேலை அல்ல; கட்டட, கட்டுமான ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற சன்னல் குத்தகையாளரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வந்து போன பிறகு துப்புரவாளருக்கு நாள் குறியுங்கள்.